போர் தொட்ட பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது எப்படி: வன்னியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கமராவை இயக்கவும் காட்சிகளைத் தொகுக்கவும் ஓரளவு தெரிந்து, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முதன்முறையாகப் படமெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் இலங்கையின் வடக்கில், குறிப்பாக வன்னிப் பகுதியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வேலை செய்வதை மனதில் வைத்துத் தரப்படுகின்றன. புதியவர்கள் தொழில்நுட்பத்தில் தடுமாறுவது குறைவு. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான்: கடைசியில் எடுக்க வேண்டிய கமராவை முதல் நாளே எடுத்துவிட்டு, முதலில் செய்திருக்க வேண்டிய வேலைகளைப் பின்னர் ஒட்டுப்போடப் பார்க்கிறார்கள்.

1. வயதுக் கணக்கை முதலில் போடுங்கள்

போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 2027 மேயில் 18 வயது நிறையும். அன்று எட்டு வயதாக இருந்தவர் இன்று வேலைக்குப் போகும், சிலவேளை தானே பெற்றோராகிவிட்ட, ஓர் இளைஞர். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் வந்து, பத்து வயதுப் பிள்ளையிடம் மைக்கை நீட்டிப் போரைப் பற்றி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டதை ஒப்புவிக்கும். கேட்டவரோ அதை நேரடிச் சாட்சியம் என்று நினைத்துக்கொண்டு திரும்புவார்.

ஆகவே உங்கள் படம் யாரைப் பற்றியது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அன்று பிள்ளைகளாக இருந்து இன்று வளர்ந்தவர்கள் ஒரு வகை. போருக்குப் பிறகு பிறந்தும் போரின் விளைவோடு வாழும் பிள்ளைகள் இன்னொரு வகை: உடலில் எறிகணைத் துண்டுகளைச் சுமக்கும் தகப்பனோடு வளர்பவர்கள், நுண்கடனை அடைக்கத் தாய் மத்திய கிழக்குக்குப் போனதால் அம்மம்மாவிடம் இருப்பவர்கள், தான் ஒருநாளும் காணாத மாமனின் படத்துக்கு நாள்தோறும் விளக்கு வைக்கும் வீட்டில் இருப்பவர்கள், எஞ்சிக் கிடந்த வெடிபொருளால் காயப்பட்டவர்கள். 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். பதுங்குகுழியிலோ, போரிலிருந்து வெளியே வந்தவர்கள் வைக்கப்பட்ட செட்டிகுளம் முகாமிலோ பிறந்த கதை அவர்களுடையதுதான், ஆனால் அதைச் சொல்லும் ஞாபகம் தாயிடம் இருக்கிறது.

இதை முதலில் தீர்மானிப்பதற்குக் காரணம், சம்மதம் வாங்கும் முறை, கேள்விகள், அடையாளம் காக்கும் அளவு எல்லாம் இந்தப் பிரிவைப் பொறுத்தே மாறும் என்பதுதான். வளர்ந்தவரிடம் அவருடைய குழந்தைப் பருவத்தைக் கேட்பதற்கும் பிள்ளையிடம் அதன் இன்றைய நாளைக் கேட்பதற்கும் ஒரே திட்டம் உதவாது.

2. ஒரு பிள்ளை விலகினாலும் நிற்கக்கூடிய படமாக அதைக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். முழுப் படத்தையும் ஒரு பிள்ளையின் முகத்தில் ஏற்றி வைத்தவருக்கு, அந்தப் பிள்ளை பாதியில் வேண்டாம் என்று சொல்லும்போது அதைக் கேட்கும் காது இருக்காது. பணம் செலவாகியிருக்கும், நிதி தந்தவர் திகதி கேட்டுக்கொண்டிருப்பார், நீங்கள் அறியாமலே தாயிடம் போய் "இன்னும் ஒரு நாள் மட்டும்" என்று கெஞ்சுவீர்கள். விலகும் உரிமை படிவத்தில் இருக்கும். படத்தின் அமைப்பு அதை மறுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் படத்தின் முதுகெலும்பாக ஒரு நபரை வைக்காமல் ஓர் இடத்தையோ ஒரு செயலையோ வையுங்கள். ஒரு பாடசாலைத் தவணை, ஒரு கிராமத்துக் கரப்பந்தாட்ட அணி, காலை ஆறரைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரதான வீதிக்குப் போகும் பஸ், ஒரு மாலை நேர வகுப்பு ஆகியவற்றில் எதுவும் இதற்குப் போதும். அதற்குள் மூன்று நான்கு பிள்ளைகள் வரட்டும். எவர் விலகினாலும் அணி விளையாடும், பஸ் ஓடும், படமும் நிற்கும்.

நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இதையே பின்பற்றுங்கள். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் படத்தையும் கதையையும் போட்டு எழுதிய விண்ணப்பம், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கும் முன்னரே அதன் கதையைப் பல நாட்டு மேசைகளுக்கு அனுப்பிவிடுகிறது. நிதி கொடுப்பவர்கள் முகம் கேட்பார்கள். இடத்தின் படங்களைக் கொடுங்கள்.

3. கமரா தூக்கும் முன்னரே உதவிக்கு ஆளைத் தேடி வையுங்கள்

பேச்சு ஒரு பிள்ளையையோ வளர்ந்தவரையோ குலைத்துவிட்டால் அன்று பின்னேரம் யாரை அழைப்பது என்பதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். அந்தப் பகுதி வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் யார் இருக்கிறார், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா, அவருக்கு எந்தெந்த நாள் களவேலை என்பதை நேரில் போய் அறிந்து, பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இவை படப்பிடிப்புக் குழுவில் உள்ள எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கட்டும்.

பிள்ளை ஒன்று இப்போதும் நடந்துகொண்டிருக்கும் துன்புறுத்தலைப் பற்றிக் கமரா முன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதையும் குழுவாக உட்கார்ந்து முன்னரே முடிவுசெய்யுங்கள். அந்தக் கணத்தில் அது படத்துக்கான காட்சி என்ற நிலையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. பதிவை நிறுத்தி, உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சொல்வதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படி ஒன்று வந்தால் அதைக் காப்பாற்ற முடியாது.

4. கதவைத் தட்டும் வரிசை

அதிகாரப் பக்கம் தெளிவானது. பாடசாலைக்குள் எடுப்பதற்கு அதிபரோடு வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியும் தேவை. சிறுவர் இல்லம் என்றால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திடம் போக வேண்டும். இல்லத்தை நடத்துபவரின் சொல் மட்டும் போதாது, ஏனென்றால் பல பிள்ளைகள் அங்கே நீதிமன்றக் கட்டளையின் பேரில் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். யாரைப் படமெடுக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

குடும்பங்களிடம் போகும் வழி வேறு. புதியவர்கள் வசதிக்காகக் கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு முதல் தடவை வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டின் அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) விண்ணப்பம், வதிவிடச் சான்றிதழ் போன்றவை பெரும்பாலும் அவர் வழியாகவே போகின்றன. அவர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தாய் முடியாது என்று சொல்வாள் என்று எதிர்பார்க்க முடியுமா? அவளிடம் எந்தப் பிடியும் இல்லாத ஒருவர் வழியாகப் போங்கள்: அயலில் உள்ள முன்பள்ளி ஆசிரியை, மாதர் சங்கத்தில் ஒருவர், அல்லது உறவினர். அலுவலருக்குத் தகவல் சொல்வது தனியாக நடக்கட்டும்.

இன்னொன்றையும் கேட்டு அறிய வேண்டும். கமராவோடு யாரும் வந்துபோனால், பிறகு யார் வந்து விசாரிப்பார்கள்? வடக்கில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம், படத்தின் நோக்கம் எழுதிய ஒரு கடிதத்தை வீட்டில் விட்டுச் செல்வது சில குடும்பங்களுக்குப் பாதுகாப்பு. சில குடும்பங்களுக்கு அதுவே தொல்லை. அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

நாட்களையும் பார்த்துப் போங்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய வாரமும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டிய வாரமும் வீடுகள் கனத்துப்போயிருக்கும், கண்காணிப்பும் கூடும். சாதாரண தரப் பரீட்சைக்கும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கும் படிக்கும் பிள்ளையைப் பரீட்சை முடியும்வரை விட்டுவிடுங்கள்.

5. கமரா இல்லாமல் போகும் காலம்

இது எவ்வளவு நீள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். பிள்ளை உங்களிடம் எதற்காவது மறுப்புச் சொல்லும்வரை போய்வாருங்கள். வன்னிப் பாடசாலைப் பிள்ளைகள் வெளியாரை "சேர்", "மிஸ்" என்று அழைத்து, எழுந்து நின்று, கேட்டதற்கெல்லாம் ஓம் என்பார்கள். ஆசிரியருக்குக் கொடுக்கும் கீழ்ப்படிவு அது. சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பிள்ளை ஒருநாள், "இப்ப ஏலாது அண்ணா, விளையாடப் போறன்" என்று ஓடும்போதுதான் அதனுடைய ஓமுக்கும் மதிப்பு வருகிறது.

இந்தக் காலத்தில் கமராவைப் பையில் கொண்டுபோய், பிள்ளைகள் கேட்டால் கொடுங்கள். அவர்கள் உங்களைப் படமெடுக்கட்டும், பிறகு சிறிய திரையில் போட்டுப் பார்க்கட்டும், தங்களுக்குப் பிடிக்காததை அழிக்கட்டும். ஒரு படத்தை அழிக்க முடியும் என்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு, பின்னர் நீங்கள் சொல்லும் விலகும் உரிமை விளங்கும்.

பணம் பற்றி. பிள்ளைக்குப் பணமோ தொலைபேசியோ சைக்கிளோ கொடுக்கக் கூடாது. கதைக்கு விலை இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அதன் பிறகு கேட்பதெல்லாம் அந்த விலைக்கேற்ற கதையாகிவிடும். ஆனால் உங்களுக்காக ஒரு நாள் கச்சான் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் தாய்க்கு அன்றைய கூலியைக் கொடுப்பது நியாயம். அதை வெளிப்படையாக, எழுதிவைத்து, அவர் என்ன பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே அளவாகக் கொடுங்கள். இதைக் கூடாது என்று சொல்லும் ஒழுக்க விதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளம் வாங்கும் குழு, கூலி இழந்தவரிடம் அறம் பேசுவது போலாகிவிடும்.

6. சம்மதம்: படிவம் கடைசி, விளக்கம் முதல்

வன்னிக் குடும்பங்கள் 2009க்குப் பிறகு எண்ணற்ற படிவங்களில் கையெழுத்திட்டிருக்கின்றன: முகாம் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம், நிவாரணம். தாளைக் கண்டால் கையெழுத்து வைப்பது பழக்கமாகிவிட்ட இடத்தில், கையெழுத்து மட்டும் எதையும் நிறுவாது. படிவத்தை வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வீட்டில் விட்டு, குறைந்தது ஓர் இரவு கழித்து வந்து வாங்குங்கள்.

18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படி பாதுகாவலரின் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும், இரண்டும் தேவை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16ஆம் உறுப்புரை அந்தரங்கத்தையும் பிள்ளைக்குத் தருகின்றன. தாய் "ஓம்" என்று, பிள்ளை "இல்லை" என்றால், விடை "இல்லை" என்பதுதான். பிள்ளை ஓம் என்று தாய் இல்லை என்றாலும் அதே விடை. அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளை என்றால், வெளிநாட்டில் இருக்கும் தாயோடும் தொலைபேசியில் பேசுங்கள். புதியவர்கள் மிக எளிதாகத் தவறவிடுவது இதைத்தான்.

விளக்கும்போது "ஆவணப்படம்", "விழா", "ஒளிபரப்பு" போன்ற சொற்கள் பிள்ளைக்கு எதையும் தராது. தொலைபேசியை எடுத்து, யூடியூப்பில் ஏதாவது ஒரு காணொளியைக் காட்டி, "உங்கட படமும் இப்பிடி வரும். வகுப்புப் பிள்ளையளும் பாப்பினம், தெரியாத ஆக்களும் பாப்பினம், நீங்கள் பெரிசான பிறகும் கிடக்கும்" என்று சொல்லுங்கள். யாராவது பரிகாசம் செய்யக்கூடும் என்பதையும் மறைக்காதீர்கள். பின்னர் விளங்கியதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "ரீவியில வரும்" என்பதோடு நின்றால் இன்னும் விளங்கவில்லை.

சம்மதத்தை மூன்று தடவை கேளுங்கள்: பதிவுக்கு முன், பதிவு முடிந்த அன்றே, தொகுத்த காட்சியைப் பார்த்த பிறகு. முதல் தடவை பிள்ளைக்குத் தான் என்ன சொல்லப்போகிறோம் என்பதே தெரியாது. ஆகவே அந்த ஓம் மட்டும் போதாது. பதிவின்போது நிறுத்துவதற்கு ஒரு சைகையை அதுவே தெரிவுசெய்யட்டும். வாயால் "காணும்" என்று பெரியவர்களிடம் சொல்லக் கூசும் பிள்ளை, கையைத் தூக்குவதற்குத் தயங்காது. சைகையை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அப்போது உடனே கமராவை நிறுத்திக் காட்டுங்கள்.

7. அடையாளத்தை மறைப்பதா என்பதைப் படப்பிடிப்புக்கு முன் முடிவுசெய்யுங்கள்

பிறகு முகத்தை மங்கலாக்கலாம் என்று நினைத்து முழு முகத்தோடு எடுப்பது வழமையான தவறு. மூலப்பதிவு யார் கையில் அகப்பட்டாலும் முகம் அங்கே இருக்கிறது. மறைக்க வேண்டியவரை ஆரம்பத்திலிருந்தே மறைத்து எடுங்கள்: பின்புறம், கைகள், நிழல், வெளிச்சத்துக்கு எதிராக அமர்த்துதல். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள், இல்லங்களில் உள்ளவர்கள், சிறுவயதில் ஆயுதக் குழுவில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இது கட்டாயம். கடைசி வகையினரை முதன்மையாகப் பாதிக்கப்பட்டவர்களாகவே கருத வேண்டும் என்று 2007இன் பாரிஸ் கோட்பாடுகள் சொல்கின்றன. ஆனால் திருமணப் பேச்சிலும் வேலை விண்ணப்பத்திலும் ஊர் அப்படிக் கருதுவதில்லை.

முகத்தை மறைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். கழுத்துப்பட்டியில் பாடசாலைச் சின்னம் இருக்கும். மேசையில் கிடக்கும் அப்பியாசக் கொப்பியின் உறையில் பெயர், தரம், பாடசாலை மூன்றும் அழகான எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். சுவரில் குடும்பப் படம் தொங்கும், வாசலில் மோட்டார் சைக்கிளின் இலக்கம் தெரியும், பின்னால் அந்த ஊருக்கே உரிய கோயில் முகப்பு நிற்கும். ஒவ்வொரு சட்டகத்தையும் எடுக்கும் முன் மூலைக்கு மூலை பாருங்கள். குரலும் அடையாளம்தான், சின்ன ஊரில் குரல் போதும். தொலைபேசியில் எடுத்தால் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள்.

8. படப்பிடிப்பு நாள்

மூவருக்கு மேல் போகாதீர்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், மூவருக்கும் தமிழ் தெரிந்திருக்கட்டும். உடுப்பில் பொருத்தும் மைக்கை நீங்கள் பொருத்தாமல் தாயிடமோ பிள்ளையிடமோ கொடுத்துப் பொருத்தச் செய்யுங்கள். கமரா பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்காக நீங்களும் தரையில் உட்கார வேண்டும். மேலிருந்து எடுத்த பிள்ளை எப்போதும் இரங்கத்தக்கதாகவே தெரியும், அது நீங்கள் நினைக்காத ஒரு கருத்தைச் சொல்லிவிடும். கதவு திறந்திருக்கட்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும், அவர் காதில் விழும் தூரத்தில் இருக்கலாமா என்பதைப் பிள்ளையிடம் தனியே கேளுங்கள்.

ட்ரோன் வேண்டாம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் ஒருபுறம் இருக்க, போர்க்காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை வன்னி மக்கள் "வண்டு" என்று அழைத்தார்கள். அது இரைந்த பிறகு என்ன வரும் என்பதை உடல் மறக்கவில்லை. அழகான வான்காட்சி ஒன்றுக்காக ஒரு முழு ஊரையும் அந்த இரைச்சலைக் கேட்க வைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அதே காரணத்துக்காக ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்குப் பலகையைப் படீரென அடிக்காதீர்கள். விரலால் மைக்கை மெதுவாகத் தட்டினாலே போதும். தகரக் கூரை உள்ள வீடு என்றால் வெயில் ஏறும்போது தகரம் வெடிப்பது போல ஒலிக்கும், மழையில் எதுவும் கேட்காது. காலை எட்டு மணிக்கு முன்னர் எடுங்கள், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியைத் தவிருங்கள்.

கைவிடப்பட்ட வீடுகள், பற்றைகள், பழைய மண்ணணைகள் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். முன்னாள் போர்முனையான முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதாலேயே ஓர் இடம் துப்புரவானது என்று ஆகாது. மாடு மேய்ப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

9. கேள்விகள்

பிள்ளைகளிடம் இன்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள். "காலமை உங்களை ஆர் எழுப்புறது?", "பள்ளிக்கூடத்துக்கு ஆரோட போறனீங்கள்?", "வீட்டில ஆர் கூடச் சத்தம் போடுறது?" இவற்றுக்குப் பிள்ளை எளிதாக விடை சொல்லும், அந்த விடைகளுக்குள்ளேயே போர் இருக்கும். அப்பாவின் காலுக்கு மருந்து கட்டிவிட்டுத்தான் பாடசாலைக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு மேல் போரைப் பற்றி எதையும் கேட்கத் தேவையில்லை. "போர் உன்னை எப்படிப் பாதித்தது" என்ற கேள்விக்குப் பத்து வயதில் யாரிடமும் விடை இல்லை. அது படமெடுப்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பிள்ளை தானாகவே ஒரு கடினமான இடத்துக்குப் போனால் கேட்டுக்கொண்டிருங்கள், தோண்டாதீர்கள், முடிந்ததும் நிகழ்காலத்துக்குக் கூட்டி வாருங்கள். அழுதால் லென்ஸை நெருக்கமாக்குவது கை பழகிப்போன ஒரு தவறு. கையை எடுத்துவிட்டு, நிறுத்தவா என்று கேளுங்கள். முதல் உரையாடல் அரை மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. இறுதிக் கேள்வி எப்போதும் இலேசானதாக இருக்கட்டும், அதன் பிறகும் உடனே சாமான்களைக் கட்டாமல் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். பேசி முடித்த கையோடு எல்லோரும் வாகனத்தில் ஏறிவிட்டால், பேச்சின் பாரம் முழுவதும் அந்த வீட்டில் தங்கிவிடும்.

இறந்த தகப்பனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது, போரை வரைந்து காட்டச் சொல்வது, ஓடியதை நடித்துக் காட்டச் சொல்வது ஆகிய மூன்றையும் அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளை தானாக வரைந்தால், அது எதை வரைந்தாலும் அதுதான் படத்துக்கு உரியது. வரைந்த தாளைப் படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அன்று பிள்ளைகளாக இருந்து இன்று வளர்ந்தவர்களிடம் வேறொரு சிக்கல் வரும். அவர்களுக்குத் திகதிகள் நினைவில் இல்லை. திகதியைக் கேட்டால் தடுமாறி, தங்கள் நினைவையே சந்தேகிக்கத் தொடங்குவார்கள். ஊர்ப்பெயரைக் கேளுங்கள். இடம்பெயர்ந்த வழி பலருக்கும் பொதுவானது: கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், பிறகு வட்டுவாகல் பாலம். "அது எங்க இருக்கேக்க நடந்தது?" என்று கேட்டால் வரிசை தானாக விரியும், உதாரணமாக, கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்தின் கையில் வீழ்ந்தது என்பது போன்ற பதிவான நிகழ்வுகளோடு நீங்கள் அதைப் பின்னர் பொருத்திப் பார்க்கலாம். பொருந்தாத இடத்தைக் கமரா முன் திருத்தாதீர்கள். ஏழு வயதில் கண்டது துண்டு துண்டாகத்தான் இருக்கும், ஒரு செருப்பும் ஒரு மணமும் மட்டும் எஞ்சியிருக்கலாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, நிகழ்வின் கணக்கை வேறு சாட்சியங்களால் நிரப்புங்கள்.

10. பழைய காட்சிகளைப் பயன்படுத்தும் முன்

2009இன் முதல் மாதங்களில் எடுக்கப்பட்ட காட்சிகளில் காயப்பட்ட, உடுப்பில்லாத, இறந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவை இணையத்தில் கிடைக்கின்றன என்பதால் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் இன்று வளர்ந்தவர், தன் உடலை மீண்டும் ஒருமுறை திரையில் பார்க்க விரும்புகிறாரா என்று சொல்லக்கூடியவர். அடையாளம் காண முடிந்தால் தேடிக் கேளுங்கள். முடியாவிட்டால் முகமும் உடலும் தெரியாத காட்சிகளையே எடுங்கள். வெறும் நிலமும் குரலும் பெரும்பாலும் போதுமானவை. போர்க்குற்றச் சாட்சியம் என்ற வாதம் வரும். சாட்சியம் விசாரணைக்கு முழுமையாகப் போகட்டும். திரையரங்கில் அதே காட்சிக்கு வேறு வேலை.

11. பதிவுகளைப் பாதுகாத்தல்

மெமரி கார்ட்டில் உள்ளதை அன்றிரவே கடவுச்சொல்லால் பூட்டிய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். கோப்புகளுக்குப் பெயர் வேண்டாம், குறியீடு போடுங்கள். எந்தக் குறியீடு எந்தப் பிள்ளை என்ற பட்டியல் மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளின் படங்கள் சுற்றக் கூடாது. கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

12. தொகுப்பு

அழுகையின் மேல் வயலின் போடாதீர்கள். சொல்லியது போதாது என்று நீங்கள் நினைப்பதாகத்தான் அதற்குப் பொருள். வன்னிப் பேச்சைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுபவர் அந்தப் பேச்சில் வளர்ந்தவராக இருக்கட்டும். சிங்கள வசனங்களை ஒரு சிங்கள நண்பரிடமும் காட்டிச் சரிபாருங்கள், ஏனென்றால் பிள்ளையின் ஒரு சொல் அங்கே எப்படிக் கேட்கும் என்பது குடும்பத்தின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது.

தொகுப்பு முடியும் முன், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பகுதியை அவர்கள் வீட்டிலேயே மடிக்கணினியில் போட்டுக் காட்டுங்கள். அயலவர்கள் இருக்கக் கூடாது. வெட்டச் சொன்னதை வெட்டுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். பிள்ளை தன்னுடைய சட்டை அழுக்காக இருந்த காட்சியை எடுக்கச் சொல்லும்; நீங்கள் மிகவும் பயந்துகொண்டிருந்த காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சட்டை அதற்கு முக்கியம் என்றால் முக்கியம்தான்.

13. திரையிடும் வரிசையும் அதன் பிறகும்

முதலில் பங்குபற்றியவர்கள், அடுத்து அவர்கள் விரும்பினால் ஊர், அடுத்து யாழ்ப்பாணம், கொழும்பு, அதன் பிறகே வெளிநாட்டு விழாக்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் இணையம். இணையம் மட்டும் திரும்பப் பெற முடியாதது என்பதால் அது கடைசி. முன்னோட்டத்தில் பிள்ளையின் முகத்தைப் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். படத்தைப் பார்க்காத ஆயிரம் பேர் முன்னோட்டத்தைப் பார்ப்பார்கள், வெட்டிப் பகிர்வார்கள். கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ திரையிட்டால், முடிந்ததும் யாராவது எழுந்து அந்தப் பிள்ளைக்கு நேரடியாகப் பணம் அனுப்ப வேண்டும், விலாசம் தாருங்கள் என்பார். நல்ல மனதோடு கேட்பதுதான், ஆனால் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் வெளிநாட்டுப் பணம் வந்தால் ஊரில் அந்தப் பிள்ளையின் நிலை மாறிவிடும், கேட்டு வருபவர்களில் எல்லோரும் நல்லவர்களும் அல்லர். உதவ விரும்புபவர்களுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் போன்ற பொது வழியைக் காட்டுங்கள்.

படத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 வயது நிறையும் திகதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த மாதம் நேரில் போய், படத்தில் தொடர்ந்து இருக்க விருப்பமா என்று, இம்முறை தாயிடம் கேட்காமல் அவரிடம் மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பகுதியை நீக்கிய பிரதியை வெளியிட்டு, பழையதை இறக்கிவிடுங்கள். இதற்கான செலவையும் தொகுப்பாளரின் நாட்களையும் முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.